மானா, ஆடா? சிறுபராயத்தை எழுதத் தொடங்கியபோது எழுந்த ஒரு சந்தேகம்

எழுதியவர்: மடத்தடிப் பெண்

அனைவருக்கும் வணக்கம். நான் 1965ஆம் ஆண்டு திருகோணமலையில் பிறந்தவள். பத்து வயது வரை, டச்சு பே கடற்கரைக்குப் பின்னால் உள்ள ஓர் ஒழுங்கையில், அம்மம்மாவின் வீட்டில் வளர்ந்தேன். பின்னர் அப்பாவின் இடமாற்றத்தோடு ஊர் ஊராகத் திரிந்து, ஓய்வு பெற்ற பிறகு திரும்பி வந்து இப்போது உவர்மலையில் இருக்கிறேன். சென்ற மாதம் அண்ணாவின் மகள் வந்திருந்தபோது, "மாமி, நீங்களும் அப்பாவும் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, என்ர பிள்ளை வளர்ந்து வாசிக்கட்டும்" என்று கேட்டாள். அதற்கென்ன, ஒரு கிழமையில் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று பக்கம் எழுதி அண்ணாவுக்கு வாசித்துக் காட்டியதும் எங்கள் இருவருக்கும் சண்டை தொடங்கிவிட்டது. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

சண்டை இல்லாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். விஜயதசமியன்று எனக்கு ஏடு தொடக்கியது இருவருக்கும் நினைவிருக்கிறது. தாம்பாளத்தில் பரப்பிய பச்சையரிசியில், ஐயர் என் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுதியபோது ஓர் அரிசி மணி நகக்கண்ணுக்குள் ஏறிக்கொண்டது. அது குத்தியது என்று சொல்லப் பயந்து, எழுத்து முழுவதையும் எழுதி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருந்தேன். அதன் பின் மாரி காலத்தில் இரவெல்லாம் கடல் இரையும் சத்தம். அம்மம்மா அதைக் கேட்டு நாளைக்கு மீன் வராது என்று முடிவு செய்து, அதற்கேற்ப உழுந்தை ஊறப்போடுவார். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பகலில் விறாந்தைச் சீமெந்து கூடச் சுடும். வாளியால் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அது காய்வதற்குள் எங்களை அதில் படுக்கச் சொல்வார்கள். அப்பா பயன்படுத்திய சொற்களும், அம்மா வெங்காயம் அரியும்போது இலங்கை வானொலியோடு சேர்ந்து முணுமுணுத்ததும் எல்லாம் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரித்தான் நினைவில் உள்ளன.

சண்டை, ஒரு பணிஸில், அதாவது ஒரு பன்னில், தொடங்குகிறது. 1971ஆம் ஆண்டு தை மாதம் என்னை அரிவரியில் (ஆரம்ப வகுப்பில்) சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் பாடசாலையில் இடைவேளைக்கு ஆளுக்கொரு பணிஸ் தருவார்கள் என்பது என் வயதினருக்குத் தெரியும். நான் வேப்பமரத்தின் கீழே அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேலிப் பக்கமாக ஒரு மான் வந்தது. அதன் மூக்கு நனைந்திருந்தது. மூச்சுக்காற்று என் உள்ளங்கையில் சூடாகப் பட்டது. கண்ணிமையில் நீளமான மயிர்கள் இருந்தன. அது பணிஸை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனது. நான் அழுதேன். மூன்றாம் வகுப்பில் இருந்த அண்ணா ஓடி வந்தார். இதை இன்று நடந்தது போல என்னால் சொல்ல முடியும். அண்ணாவோ, அது கழுத்தில் அறுந்த கயிற்றுத் துண்டோடு வந்த ஒரு மண்ணிற ஆடு என்கிறார். திருகோணமலையில் பிறந்த காரணத்துக்காக எல்லா ஆட்டையும் மான் ஆக்கக் கூடாது என்று சிரிப்பு வேறு.

இரண்டாவது பிரச்சினை கடல். அரிவரி வகுப்பிலிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்று எழுதியிருந்தேன். கடலின் சத்தம் மட்டுமே கேட்கும், ஒரு துளி கூடத் தெரியாது என்று அவர் அடித்துச் சொல்கிறார்.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் கலக்கியது. 1969இல் அம்மப்பா காலமானார். எனக்கு நான்கு வயது. முப்பத்தோராம் நாள் கன்னியாவுக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது. தாயின் இறுதிக் கடனுக்காக இராவணன் உண்டாக்கியது என்று சொல்லப்படும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிணறு என்று பெயரே தவிர, குனிந்தால் அடி தெரியும். மூன்று நான்கு அடி ஆழந்தான். அப்பா ஒவ்வொன்றிலும் ஒரு வாளி அள்ளி என் தலையில் ஊற்றினார். ஒன்று இளஞ்சூடு, அடுத்தது அதைவிடச் சூடு, கடைசியில் ஒன்றில் நான் கத்திக்கொண்டு ஓடினேன். இதை அண்ணா கேட்டுவிட்டு, "நீ அண்டைக்கு வரவே இல்லை. உனக்குக் காய்ச்சல், சின்னம்மாவோட வீட்டில விட்டிட்டுப் போனது" என்றார். அப்படியானால் என் தலையில் ஊற்றிய அந்தத் தண்ணீர் யாருடையது?

எனவே கேட்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் நகரத்துப் பாடசாலைகளுக்குள் மான்கள் வந்ததுண்டா? இப்படியான சின்ன விடயங்களை உறுதிப்படுத்த ஏதாவது எழுத்துப் பதிவு கிடைக்குமா? ஒன்றும் கிடைக்காவிட்டால், பிள்ளை வாசிக்கப்போகும் கொப்பியில் எதை எழுதுவது?


மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆசிரியை

அன்புத் தங்கச்சிக்கு, நான் 1969 முதல் கடற்கரையை அண்டிய ஒரு பாடசாலையில் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். நீங்கள் படித்ததும் அதே பாடசாலையா என்று கேட்கப் போவதில்லை. அந்தக் காலத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும்.

எங்கள் வகுப்பறைகளுக்குச் சன்னல் இல்லை. மூன்றடி, மூன்றரையடி அரைச்சுவர்தான். அதற்கு மேல் கூரை வரை வெளி. நின்றுகொண்டு படிப்பிக்கும் எனக்கு அரைச்சுவருக்கு மேலால் கடல் நன்றாகத் தெரியும். வாங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு வானமும் தென்னை வட்டுகளும் மட்டுமே தெரியும். அதற்கு விதிவிலக்கானது ஒரே ஒரு பிள்ளை: வாங்கில் ஏறி நிற்கும்படி தண்டிக்கப்பட்ட பிள்ளை. கதைத்ததற்காகவும் சிலேட்டை உடைத்ததற்காகவும் ஏற்றி விடப்பட்ட பிள்ளைகள் ஆசிரியரைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்களை இறக்கிவிடவும் மனம் வராது, கீழே இருப்பதைவிட அவர்கள் சந்தோசமாக இருப்பதுபோலத் தெரியும். ஆகவே உங்கள் அண்ணா சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. அவர் அடக்கமான பிள்ளையாக இருந்திருப்பார். நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பணிஸ் விடயத்தில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனெனில் அதை எண்ணிக் கொடுக்கும் வேலை மூன்று வருடம் என் தலையில் விழுந்திருந்தது. வெளிநாட்டு உதவியாக வந்த மாவில் செய்த பணிஸ்கள் அவை. பேக்கரியிலிருந்து சாக்கில் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுவருவார்கள். முதல் நாள் வரவைப் பார்த்துத்தான் அடுத்த நாளைக்குத் தொகை சொல்ல வேண்டும். மழை நாளில் பிள்ளைகள் வராமல் விட்டால் பணிஸ் மிஞ்சும். மழை விட்ட மறுநாள் எல்லோரும் வந்து நிற்பார்கள், பணிஸ் காணாது. அப்படியான நாட்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு நாங்கள் ஆசிரியர் அறைக்குள் போய்த் தேத்தண்ணீர் குடித்திருக்கிறோம். இப்போது நினைத்தாலும் அந்தத் தேத்தண்ணீர் தொண்டையில் நிற்கிறது. பாணுக்கும் பணிஸுக்கும் இடைப்பட்ட ஒரு சுவை. மேலே சீனி இல்லை. காலையில் மெதுவாக இருக்கும், பிற்பகலில் கல்லாகிவிடும்.

மான் பற்றி: பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் இருந்தன, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நாங்களும் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறோம். ஆனால் நான் படிப்பித்த பாடசாலை வளவுக்குள் ஒரு மானும் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆடு வராத நாள் கிடையாது. வேலி பூவரசு அல்லவா, ஆட்டுக்கு அது விருந்து.

எழுத்துப் பதிவு என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் சேர்விடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் இருக்கும். சேர்விடாப்பில் நீங்கள் சேர்ந்த திகதி, பிறந்த திகதி, பெற்றோரின் பெயர், முன்பு படித்த இடம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். சம்பவத் திரட்டில் அதிபர் தம் கையாலேயே முக்கிய நிகழ்ச்சிகளை எழுதுவார். அதிபரிடம் முறையாக விண்ணப்பித்துக் கேட்டுப் பாருங்கள். ஆடு பணிஸ் தின்றதை எந்த அதிபரும் எழுதியிருக்கமாட்டார் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. இலவசப் பாடநூல்கள் 1980இல்தான் வந்தன. அதற்கு முன் விலை கொடுத்து வாங்கிய புத்தகங்கள் அண்ணனிடமிருந்து தங்கைக்கு வரும். பழைய புத்தகம் ஏதாவது வீட்டில் தப்பியிருந்தால் முதற் பக்கத்தைப் பாருங்கள். அண்ணாவின் பெயரை வெட்டி உங்கள் பெயரை எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் வருடமும் இருக்கும்.


மறுமொழி 2: கிண்ணியாத் துறையடி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சகோதரியின் கேள்வியை வாசித்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் 1963இல் பிறந்து கிண்ணியாவில் படித்தவன். எங்களுக்கும் அந்தப் பணிஸ் கிடைத்தது. ஆசிரியை அவர்கள் அதன் சுவையைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதை முழுதாகத் தின்ற பிள்ளை எங்கள் வகுப்பில் குறைவு. என் வீட்டில் எனக்குக் கீழே மூன்று பேர், அதில் இரண்டு பேர் இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. நான் பாதியைத் தின்றுவிட்டு மற்றப் பாதியைச் சட்டைப் பைக்குள் வைப்பேன். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். சில நாள் ஒரு சின்ன ஓரத்தைக் கிள்ளித் தின்பேன். பிறகு இன்னொரு ஓரம் நேராக இருக்க வேண்டும் என்பதற்காக அதையும் கிள்ளுவேன். வீட்டை அடையும்போது பாதி, கால் ஆகியிருக்கும். வாசலில் நிற்கும் தங்கை பையைத்தான் பார்ப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். உம்மா அந்தக் கால் துண்டை இரண்டாகப் பிய்த்து, தேத்தண்ணீரில் தோய்த்து இருவருக்கும் ஊட்டுவா. பைக்குள் எப்போதும் தூள் கிடக்கும், எறும்பு வரும். உடுப்புத் தோய்க்கும்போது உம்மா அந்தப் பையை வெளியே இழுத்து உதறுவது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அந்தக் காலத்தில் ஒரு பணிஸ் தொலைவது சிறிய விடயம் அல்ல. அதில் யாருக்கோ ஒரு பங்கு இருந்திருக்கும். ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் உங்கள் அண்ணா ஆட்டின் கழுத்தில் கிடந்த கயிற்றைக்கூட மறக்காமல் இருக்கிறார் என்றால் அது ஏன் என்று அவரிடம் ஒருமுறை கேளுங்கள்.

மற்றபடி, குடும்பத்துக்குள் ஒரே நிகழ்ச்சி இரண்டு விதமாக நிற்பது எங்கள் வீட்டிலும் உண்டு. பெருநாளுக்குச் செருப்பு வாங்க வாப்பா என்னையும் நானாவையும் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது பாலம் இல்லை. துறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாதையில் ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். வாகனங்களை ஏற்றிச் செல்லும் அந்த மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். தண்ணீருக்குள் கண்ணாடிபோல மிதந்த சொறிமுட்டைகளை நான் குனிந்து எண்ணியதும், வாப்பா என் சட்டைக் காலரைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்ததும் எனக்கு நினைவு. நானாவோ, அவர் பிடித்திருந்தது தன்னுடைய காலரை என்று சாதிக்கிறார். வாப்பாவுக்கு இரண்டு கை இருந்தது என்பது ஏனோ இருவருக்கும் தோன்றவில்லை. 396 மீற்றர் நீளமான பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் பின் பிறந்த என் பேரப்பிள்ளைகளிடம் பாதையில் போனோம் என்று சொன்னால், எல்லோரும் பாதையில்தானே போவார்கள் என்று கேட்கிறார்கள்.


மறுமொழி 3: உளவியல் மாணவன்

கன்னியா நினைவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை என்பதும், அதன் பின் ஆறேழு வயது வரையான நினைவுகளும் துண்டு துண்டாகவே இருக்கும் என்பதும் ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டவை. எனவே நான்கு வயதில் நடந்தது நினைவில் இருப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் நினைவு என்பது பெட்டிக்குள் வைத்த பொருள் அல்ல. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நாம் அதைத் திரும்பக் கட்டுகிறோம் என்பதை இங்கிலாந்தின் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்விலேயே காட்டினார். அறிமுகமில்லாத ஒரு கதையை வாசித்தவர்கள் அதைத் திரும்பச் சொன்னபோது, தமக்குப் பழக்கமானவற்றைக் கொண்டு அதை மாற்றிச் சொன்னார்கள்.

அமெரிக்காவின் எலிசபெத் லொஃப்டஸ் 1995இல் செய்த சோதனை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக, நடக்காத ஒன்றை வீட்டார் சொன்னதுபோல 24 பேரிடம் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதை முழுமையாகவோ பகுதியாகவோ தமது நினைவென்று ஏற்றுக்கொண்டனர். ஆகவே ஈரமான மூக்கு, சூடான மூச்சு என்று விவரம் துல்லியமாக இருப்பதனால் மட்டும் அது மான் ஆகிவிடாது. கோட்டைக்குள் மானுக்கு நீங்கள் உணவு கொடுத்திருந்தால் அந்த மூக்கும் மூச்சும் அங்கிருந்து வந்திருக்கலாம். பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாட்கள் ஒன்றாகிவிட்டிருக்கலாம் என்று மட்டுமே சொல்கிறேன்.


மறுமொழி 4: வில்லூன்றியடி வாசகி

ஆராய்ச்சி எல்லாம் சரி. உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டீர்களா? காய்ச்சலில் கிடந்த உங்களைப் பார்த்துக்கொண்ட சின்னம்மா இருக்கிறாவா?


மறுமொழி 5: பாலையூற்றான்

இந்த இழையில் எல்லோரும் அன்பாக எழுதுகிறீர்கள். நான் சற்றுக் கசப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990ஆம் ஆண்டு நாங்கள் வீட்டை விட்டு வெளியேறியபோது அம்மா எடுத்தது பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் ஒரு சோற்றுப் பானையையும். அல்பத்தை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. ஆகவே மேலே ஆசிரியை சொன்ன பழைய பாடப்புத்தகம் எங்கள் வீட்டில் கிடைக்காது. எங்களில் பலருக்குச் சிறுபராயம் என்பது கூடப் பிறந்தவர்களின் வாயில் மட்டுமே இருக்கிறது. எனக்கும் என் அக்காவுக்கும் வருடக்கணக்காக ஒரு வழக்கு இருந்தது: முற்றத்தில் நின்றது ஒரு பாலை மரமா, இரண்டா என்று. பாலைப்பழக் காலத்தில் உதடு ஒட்டும் வரை தின்ற பழத்தை நினைத்து நான் இரண்டு என்பேன். முற்றத்தைக் கூட்டிப் பெருக்கியவள் தான் என்பதால் அக்கா ஒன்று என்பாள். ஒரு மரமும் இப்போது இல்லை, சாட்சிக்கு அடிக்கட்டையும் இல்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். ஒரே கொப்பி, இடப்பக்கம் அக்கா எழுதுவாள், வலப்பக்கம் நான். ஒருவர் எழுதியதை மற்றவர் வெட்டக் கூடாது. திகதி தெரியாவிட்டால் அந்த நேரத்தில் நாட்டில் என்ன நடந்தது என்பதை எழுதுகிறோம். சகோதரி அரிவரியில் சேர்ந்த அந்த 1971இல்தான் சித்திரை மாதக் கிளர்ச்சி நடந்து, ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். அந்தப் பணிஸ் அதற்கு முன்னா பின்னா என்று யோசித்தால் ஒரு முனை கிடைக்கும்.

ஒரு வேண்டுகோள். பிள்ளைக்காக எழுதும்போது இனிப்பானதை மட்டும் எழுதாதீர்கள். 1973, 74இல் பாணுக்கு வரிசையில் நின்றதையும் எழுதுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு என்னை எழுப்பி, சங்கக் கடை வாசலில் எங்கள் இடத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் கற்கள் எல்லாம் இடம் மாறியிருக்கும். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் கத்திக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் என் வகுப்பு வாத்தியாரும் கூப்பன் புத்தகத்தோடு நின்றார்; என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று பாடசாலையில் அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.


மறுமொழி 6: மடத்தடிப் பெண்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமையாக நான் இதே வேலையாகத் திரிந்தேன், நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பாடசாலைக்குப் போனேன். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, இரண்டாம் முறை போனபோது சேர்விடாப்பைப் பார்க்கவிட்டார்கள். மூலைகள் கறையான் தின்ற பெரிய புத்தகம். என் பெயர், 1971 ஜனவரி, அப்பாவின் தொழில், எல்லாம் நீல மையில் இருந்தன. அப்பாவின் கையெழுத்தை நான் அங்கே எதிர்பார்க்கவில்லை. கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து ஒரு புள்ளி வைப்பார், அது அப்படியே இருந்தது. சம்பவத் திரட்டில், ஆசிரியை அவர்கள் எச்சரித்தபடி, ஆடும் இல்லை, மானும் இல்லை. ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் "மழை காரணமாக வரவு குறைவு" என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. அந்த நாட்களில் மிஞ்சிய பணிஸ்களை நினைத்துக்கொண்டேன்.

பழைய கட்டடத்தில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. அரைச்சுவர் என் இடுப்பு உயரம். நின்று பார்த்தேன், கடல் தெரிந்தது. கூட வந்த பியோனிடம் அனுமதி கேட்டுவிட்டு வாங்கில் இருந்து பார்த்தேன், தெரியவில்லை. வாங்கில் ஏற்றி நிறுத்தப்பட்டது எனக்கு நினைவில்லை என்று அண்ணாவிடம் சொன்னேன். அவருக்கு நன்றாக நினைவிருக்கிறதாம். வாரத்தில் இரண்டு நாளாவது அம்மாவிடம் அதைச் சொல்லிக் கொடுத்தது தானே என்று பெருமையோடு சொன்னார்.

பிறகு, வில்லூன்றியடி வாசகி சொன்னபடி சின்னம்மாவிடம் போனேன். அவவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது, சாம்பல்தீவில் மகளோடு இருக்கிறா. இந்தக் கேள்வியோடு முதலிலேயே அவவிடம் போகாமல் விட்டது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கன்னியாவைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. அம்மப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு நான் போகவில்லை, காய்ச்சல் உண்மை. அடுத்த வருடம் அப்பாவின் பெரியம்மா காலமானபோது அந்தியேட்டிக்கு (முப்பத்தோராம் நாள் கிரியைக்கு) என்னையும் கொண்டுபோனார்கள், ஏழாவது கிணற்றில் நான் கத்திய கத்தில் அந்தியேட்டிக்கு வந்த ஆட்கள் எல்லாம் சிரித்தார்களாம். அப்படியானால் தண்ணீர் என்னுடையதுதான். அம்மப்பாவை நானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கோட்டை மான்களையும் சொன்னா. வெள்ளிக்கிழமைகளில் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு வரும்போது அருச்சனைத் தட்டில் உள்ள வாழைப்பழத்தை உரித்து என் கையில் வைத்து, அந்தக் கையைச் சின்னம்மாவே பிடித்து மானுக்கு நீட்டியிருக்கிறா. உளவியல் மாணவன் தம்பிக்கு இது மகிழ்ச்சியாக இருக்கும்.

கடைசியாகப் பணிஸைக் கேட்டேன். சின்னம்மா வெற்றிலையை மென்றுகொண்டே, "அது ஆடுதான் பிள்ளை" என்றா. எனக்கு முகம் சுருங்கியது. "ஆனா பணிஸ் உன்ர இல்லை. நீ உன்ரையைத் தின்றுபோட்டாய். கொண்ணன் தன்ர பாதியை வீட்டுக்குக் கொண்டுபோக வைச்சிருந்தவன். அதை உன்ர கையில பிடிக்கச் சொல்லிப்போட்டு விளையாடப் போனவன். நீ ஆட்டுக்கு நீட்டிப்போட்டு நிண்டாய். அழுதது அவன்." கிண்ணியாச் சகோதரர் எழுதியது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வந்தது.

அன்று இரவே அண்ணாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆடு என்று தான் சொன்னது சரியென்று வந்ததில் அவர் துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த ஆடு யாருடையது என்று சின்னம்மா சொன்னாவா என்று கேட்டார்.